ஜேம்ஸ் லவ்லாக் பற்றி மேடையில் பேசுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான். பள்ளி ஆசிரியர் ஒருவர், தன் ஊர் நூலகத்தின் மாதக் கூட்டத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் பற்றி ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். ‘பூமித்தாய் உயிரோடு இருக்கிறாள்’ என்று தலைப்புப் போட்டு நோட்டீஸும் அடித்துவிட்டார்கள். பூமியும் அதன் உயிர்களும் சேர்ந்து தன்னைத்தானே சீராக வைத்துக்கொள்ளும் ஒரே அமைப்பு என்கிற அவருடைய கையா கோட்பாடு பற்றித் தேடிப் படித்தால் பாதி ஆன்மிகமாக இருக்கிறது, பாதி புரியாத அறிவியலாக இருக்கிறது. மனிதரைப் பற்றி எவ்வளவு சொல்வது, கருத்தைப் பற்றி எவ்வளவு சொல்வது, இதெல்லாம் உண்மையிலேயே அறிவியல்தானா என்று கேட்கிறார்.

நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, தலைப்பை இனி மாற்ற முடியாது. பரவாயில்லை. ஆனால் பேச்சை அந்தத் தலைப்பில் தொடங்காதீர்கள். லவ்லாக் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். முதல் ஸ்லைடில் நீல உருண்டையாகப் பூமி, அடுத்ததில் கிரேக்க தேவதை, அப்புறம் ‘இதை நம் முன்னோர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்’. கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்த இடத்திலேயே லவ்லாக் காணாமல் போய்விடுவார். பிறகு நீங்கள் மீத்தேன், ஆக்சிஜன் என்று பேசினால் கூட்டம் அதைப் பிரசாதத்துக்கு முந்தைய அர்ச்சனையாகத்தான் கேட்கும்.

லவ்லாக் அடிப்படையில் கருவி செய்கிறவர். காற்றில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எட்டாத நுணுக்கத்தில் அளந்தவர். அவருடைய பெரிய கருத்துகள் எல்லாம் அந்த அளவீட்டுப் பழக்கத்திலிருந்து முளைத்தவை. அதனால் என் யோசனை, தேவதையைப் பின்னால் தள்ளிவிட்டுக் கருவியை முன்னால் வையுங்கள்.

வாழ்க்கைக் கதைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 1919 ஜூலை 26 அன்று இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் பிறந்தார். 2022-ல் அதே ஜூலை 26 அன்று, சரியாக 103 வயது நிறைந்த நாளில் இறந்தார். பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. அம்மா பதின்மூன்று வயதில் ஊறுகாய்த் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். அப்பா இளமையில் திருட்டு வேட்டைக்காக ஆறு மாதம் கடுங்காவல் அனுபவித்தவர், வளர்ந்த பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றார். குடும்பம் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதிக்கு வந்த பிறகு சிறுவன் ஜேம்ஸுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடத்தை விட அங்கிருந்த பொது நூலகம்தான். உங்கள் கூட்டமே நூலகத்தில் நடப்பதால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மான்செஸ்டரில் வேதியியல் படித்தார். 1941 முதல் சுமார் இருபது ஆண்டுகள் லண்டனில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. அங்கே நடந்த ஒரு சங்கதி கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைக்கும். உயிரணுக்களையும் திசுக்களையும் குளிரில் பாதுகாப்பது எப்படி என்று ஆராய்ந்த குழு, எலிகளையும் வெள்ளெலிகளையும் உடல் கிட்டத்தட்ட உறையும் அளவுக்குக் குளிரவைத்து மறுபடி உயிர்ப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்பில் சூடான கரண்டியை வைத்து இதயத்தைச் சூடேற்றுவார்கள், தோல் வெந்துபோகும். அந்தப் பிராணிகள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் லவ்லாக் மைக்ரோவேவ் அலையை வைத்து உள்ளேயிருந்து சூடேற்றும் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். 1955-ல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. மைக்ரோவேவ் அடுப்பைக் கண்டுபிடித்தவர் லவ்லாக் என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள், அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அமெரிக்காவில் வேறு வழியில் அதற்கு முன்பே வந்துவிட்டது.

இனி முக்கியமான கருவி. 1957-ல் அவர் உருவாக்கிய எலெக்ட்ரான் கேப்சர் டிடெக்டர். இதற்குப் பலகையில் ஒரு படம் வரைந்து ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், பேச்சு முழுவதும் இதன் மேல்தான் நிற்கப் போகிறது.

கைக்குள் அடங்கும் சிறிய உலோக அறை. உள்ளே கதிரியக்கம் உள்ள மெல்லிய தகடு. அறை வழியாக நைட்ரஜன் வாயு ஓடிக்கொண்டிருக்கும். தகட்டிலிருந்து வெளிவரும் பீட்டா துகள்கள் நைட்ரஜனில் மோதி எலெக்ட்ரான்களை உதிர்த்துவிடும். இரண்டு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் கொடுத்தால் அந்த எலெக்ட்ரான்களால் ஒரு மெல்லிய மின்னோட்டம் சீராக ஓடும். இப்போது பரிசோதிக்க வேண்டிய காற்றை உள்ளே விடுகிறோம். அதில் குளோரின் போன்ற அணுக்களைக் கொண்ட மூலக்கூறு இருந்தால் அது எலெக்ட்ரானை லபக்கென்று பிடித்துக்கொள்ளும். மின்னோட்டம் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நுணுக்கம் எவ்வளவு? ஒரு லட்சம் கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே போதும். லவ்லாக்கே ஓர் உதாரணம் சொல்வார்: ஜப்பானில் ஒரு கம்பளியின் மேல் அபூர்வமான ஒரு ஃபுளோரின் சேர்மத்தைச் சில லிட்டர் ஊற்றி உலரவிட்டால், சில வாரங்கள் கழித்து இங்கிலாந்தின் டெவனில் உட்கார்ந்துகொண்டு காற்றில் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று.

இதனால் என்ன ஆயிற்று என்பதுதான் கதை. அதுவரை டிடிடி போன்ற பூச்சிமருந்துகள் தெளித்த வயலோடு முடிந்துபோகும் என்று நினைத்தவர்கள் ஏராளம். இந்தக் கருவி ஆய்வகங்களுக்கு வந்த பிறகு எங்கே தேடினாலும் எச்சம் தென்பட்டது. பென்குவின் உடலில், தாய்ப்பாலில், மருந்தே தெளிக்காத நிலத்தில். பூச்சிமருந்துகளின் ஆபத்து பற்றி எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962-ல் எழுப்பிய எச்சரிக்கையை அடுத்து வந்த ஆண்டுகளில் மறுக்க முடியாத எண்களாக மாற்றியதில் இந்தச் சிறு பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கும் காய்கறி, தேயிலை, பால் இவற்றில் பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகங்களில் ஜிசி-ஈசிடி என்று ஒரு மெஷின் இருக்கும். அந்த ஈசிடி, அதாவது எலெக்ட்ரான் கேப்சர் டிடெக்டர், இவர் செய்ததுதான். கூட்டத்தில் வேதியியல் படித்தவர் யாராவது இருந்தால் தலையாட்டுவார்.

அடுத்து செவ்வாய். 1961-ல் நாசாவிலிருந்து அழைப்பு வந்தது. விண்கலத்தில் வைக்க எடை குறைந்த, நுணுக்கமான கருவிகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. கலிஃபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உயிரியலாளர்கள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மண்ணைக் கிளறி எடுப்பது, அதற்குச் சத்துநீர் கொடுப்பது, ஏதாவது வளர்கிறதா என்று பார்ப்பது. லவ்லாக்குக்கு ஒரே சந்தேகம். செவ்வாயின் உயிர், பூமியின் நுண்ணுயிரைப் போலத்தான் சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னது? சரி, அப்படியானால் நீ எப்படித் தேடுவாய் என்று மேலதிகாரி கேட்டார். அதற்குப் பதில் யோசிக்கும்போது பிறந்ததுதான் எல்லாம்.

அவர் போட்ட வழி இது. உயிர் எந்த வகையானதாக இருந்தாலும் எதையாவது உள்ளே எடுத்தாக வேண்டும், கழிவை வெளியே விட்டாக வேண்டும். கோளின் மேற்பரப்பில் இதற்குத் தோதான இடம் காற்று. ஆகவே உயிருள்ள கோளின் காற்று, வெறும் வேதியியல் விதிப்படி இருக்க வேண்டியதுபோல் இருக்காது. கோளுக்குப் போகவே வேண்டாம், இங்கிருந்து தொலைநோக்கி வழியாக அதன் காற்றைப் பார்த்தாலே போதும். டயன் ஹிட்ச்காக் என்ற பெண்ணுடன் சேர்ந்து 1967-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஹிட்ச்காக்கின் பெயரை மறக்காமல் சொல்லுங்கள். அந்தக் கட்டுரையில் ஆசிரியர் வரிசையில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது, ஆனால் கையா பற்றிப் பேசுகிற முக்கால்வாசிப் பேர் அவரைச் சொல்வதே இல்லை.

1965-ல் பிரெஞ்சு வானியலாளர்களின் அகச்சிவப்பு அளவீடுகள் பற்றிய சேதி வந்தது. செவ்வாய், வெள்ளி இரண்டின் காற்றிலும் கிட்டத்தட்ட எல்லாமே கார்பன் டை ஆக்சைடுதான். இன்றைய கணக்கில் செவ்வாயில் சுமார் 95 சதவீதம், வெள்ளியில் சுமார் 96 சதவீதம். எரிந்து முடிந்து அடங்கிய காற்று. பூமியில் அதே வாயு 0.04 சதவீதம்தான். 21 சதவீதம் ஆக்சிஜன். அதற்குள்ளேயே மீத்தேனும் இருக்கிறது.

இந்த மீத்தேன் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். சூரிய ஒளியில் ஆக்சிஜனும் மீத்தேனும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். காற்றில் கலந்த மீத்தேன் பத்து வருடம்போலத்தான் தாங்கும். ஆனாலும் அது தீரவில்லை என்றால், யாரோ ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். சதுப்பு நிலம், வயல் சேறு, மாட்டின் வயிறு, கரையான் என்று இருக்கிற நுண்ணுயிர்கள் மீத்தேனைப் போடுகின்றன. செடிகளும் பாசிகளும் ஆக்சிஜனைப் போடுகின்றன. சேர்ந்திருக்கவே கூடாத இரண்டு வாயுக்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தே இருக்கின்றன.

இதிலிருந்து லவ்லாக் ஒரு படி மேலே போனார். காற்றை உயிர்கள் உண்டாக்குகின்றன என்பது ஒன்று. அதை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கவும் செய்கின்றனவோ? அப்போது அதே ஆய்வகத்தில் இருந்த வானியலாளர் கார்ல் சேகன் ஒரு புதிரைச் சொன்னார். உயிர் தோன்றிய காலத்தில் சூரியன் இப்போதையதை விடக் கால்பங்கு மங்கலாக இருந்தது. அந்தக் கணக்குப்படி பூமி அப்போது உறைந்து கிடந்திருக்க வேண்டும், அல்லது இப்போது கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. 350 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமியில் எங்காவது தண்ணீர் தண்ணீராகவே இருந்து வந்திருக்கிறது. யாரோ, அல்லது ஏதோ, வெப்பத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருந்ததா?

பெயர் பிற்பாடு வந்தது. வில்ட்ஷயரில் போவர்சாக் என்ற கிராமத்தில் லவ்லாக்குக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங். தபாலாபீசுக்கு நடந்து போகிற வழியில் இவர் தன் யோசனையைச் சொல்ல, அவர் கிரேக்கப் பூமித் தேவதையின் பெயரால் கையா என்று பெயர் வைத்தார். என் அபிப்பிராயத்தில் நல்ல பெயர், கெட்ட நேரம். வேறு ஏதாவது வறட்டுப் பெயர் வைத்திருந்தால் புத்தகம் இவ்வளவு விற்றிருக்காது, உங்கள் நோட்டீஸில் பூமித்தாயும் வந்திருக்க மாட்டாள், விஞ்ஞானிகளும் இவ்வளவு எரிந்து விழுந்திருக்க மாட்டார்கள்.

1970-களின் தொடக்கத்தில் உயிரியலாளர் லின் மார்குலிஸ் சேர்ந்துகொண்டார். நம் உயிரணுக்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனி பாக்டீரியாவாக இருந்தது என்று நிறுவப் போராடியவர். லவ்லாக்கிடம் காற்றின் கணக்கு இருந்தது, அதை எழுதியது யார் என்பதற்கான விவரம் இல்லை. மார்குலிஸிடம் நுண்ணுயிர்கள் இருந்தன. 1974-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள்தான் கையாவின் முறையான தொடக்கம். மார்குலிஸ் பற்றித் தனிக் கூட்டமே போடலாம், இங்கே இரண்டு நிமிடம் போதும்.

இப்போது மறுபடி கருவிக்கு வாருங்கள். பேச்சின் நடுப்பகுதி இதுதான், அவசரப்பட வேண்டாம்.

1960-களின் கடைசியில் லவ்லாக் எந்த நிறுவனத்திலும் இல்லை. வீட்டையே ஆய்வகமாக்கிக்கொண்டு, ஷெல் போன்ற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிக் கிடைத்த பணத்தில் ஆராய்ச்சி செய்தார். வெயில் நாட்களில் கிராமத்தின் மேல் ஒரு மங்கல் படிவதைக் கவனித்தார். சிறு வயதில் இப்படிப் பார்த்த ஞாபகம் இல்லை. இது இயற்கையா, ஆலைப் புகையா? புகையோடு சேர்ந்து வரக்கூடிய, இயற்கையில் இல்லாத ஏதாவது ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டால் தெரிந்துவிடும். ஸ்பிரே டப்பாக்களிலும் ஃபிரிட்ஜ்களிலும் இருந்த சிஎஃப்சி வாயுவை மனிதன்தான் தயாரிக்கிறான், வேறு வழியில் அது வராது. தன் டிடெக்டரை வைத்து அளந்தார். மங்கல் நாட்களில் சிஎஃப்சி கூடியது. காற்று ஐரோப்பாவின் தொழில் நகரங்கள் பக்கமிருந்து வருகிறது என்பது உறுதியானது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அயர்லாந்தின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் கடலிலிருந்து சுத்தமான காற்று வீசும் நாளிலும் கொஞ்சம் சிஎஃப்சி இருந்தது. அப்படியானால் இந்த வாயு எங்கும் போகாமல் உலகம் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கிறதா?

நிதி கேட்டு விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். அன்டார்க்டிகாவுக்குப் போய்த் திரும்பும் ஷேக்கிள்டன் என்ற ஆய்வுக் கப்பலில் இடம் மட்டும் கிடைத்தது. செலவுக்குக் கைக்காசு. வீட்டில் செய்த கருவியோடு 1971 கடைசியில் கிளம்பினார். போகிற வழியெல்லாம் காற்றை அளந்தார்கள். வடக்கே கொஞ்சம் கூடுதல், தெற்கே கொஞ்சம் குறைவு, ஆனால் அட்லாண்டிக் நெடுக எங்கே எடுத்தாலும் சிஎஃப்சி இருந்தது. ஒரு லட்சம் கோடியில் சில பத்துப் பங்கு.

1973-ல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையில், இந்தச் சேர்மங்களால் எந்த ஆபத்தும் வர வழியில்லை என்ற பொருளில் லவ்லாக் ஒரு வரி எழுதினார். காற்றில் எங்கும் இது சேர்ந்திருக்கிறது என்று அளந்து காட்டியவரே இப்படி எழுதினார். அவருடைய அளவீட்டைக் கேள்விப்பட்ட அமெரிக்க வேதியியலாளர் ஷெர்வுட் ரோலண்டுக்கு வேறு கேள்வி எழுந்தது: இவ்வளவும் கடைசியில் எங்கே போகும்? மரியோ மொலினாவுடன் சேர்ந்து 1974-ல் அவர் பதில் சொன்னார். மேலே போகும், அங்கே புற ஊதாக் கதிரில் உடையும், வெளிவரும் குளோரின் ஓசோனை அரிக்கும். லவ்லாக் அப்போதும் அவசரப்பட்டுத் தடை போட வேண்டாம் என்றே பேசினார். 1985-ல் அன்டார்க்டிகாவின் மேலே ஓசோன் துளை கண்டறியப்பட்டது. 1987-ல் சிஎஃப்சி-யைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம். 1995-ல் ரோலண்ட், மொலினா, பால் குருட்சன் மூவருக்கும் நோபல். அந்த வரியை எழுதியது தன் பெரிய சறுக்கல் என்று லவ்லாக் பின்னாளில் ஒளிக்காமல் சொன்னார்.

இதை மறைத்துவிட்டு அவரைத் தீர்க்கதரிசி ஆக்கும் பேச்சுகள் எனக்குப் பிடிப்பதில்லை. அளவு சரி, அதற்குச் சொன்ன பொருள் தப்பு. அளவு சரியாக இருந்ததால்தான் அடுத்தவர் வந்து பொருளைத் திருத்த முடிந்தது. உங்கள் கூட்டத்தில் மாணவர்கள் இருந்தால் கையாவை விட இது அவர்களுக்குப் பயன்படும்.

அதே கப்பலில் இன்னொன்றும் கிடைத்தது. கடலிலிருந்து நிலத்துக்குக் கந்தகம் எப்படித் திரும்பி வருகிறது என்பது அப்போது விடுபட்டுப் போன கணக்கு. கடற்பாசிகளும் மிதக்கும் நுண்பாசிகளும் வெளியிடும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுதான் வாகனம் என்று லவ்லாக் ஊகித்தார், கடல் நெடுக அதை அளந்தும் காட்டினார். கடற்கரையில் நாம் கடல் வாசனை என்று முகர்வதில் இதற்குப் பங்கு உண்டு. 1987-ல் அவரும் மற்ற மூவரும் ஒரு படி மேலே போய், இந்த வாயு மேகத் துளிகளுக்கு விதையாகி, மேகம் வெயிலை மறைத்து, கடல் குளிர்ந்து, பாசியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சுழற்சி இருக்கலாம் என்றார்கள். அழகான யோசனை. ஆனால் பிற்பாடு வந்த ஆய்வுகள் மேக விதைகளுக்கு வேறு பல மூலங்கள் இருப்பதைக் காட்டி இந்தச் சுழற்சியை வெகுவாகப் பலவீனப்படுத்திவிட்டன. வாயு கடலிலிருந்து வருவது உண்மை. அது தெர்மோஸ்டாட்டாக வேலை செய்கிறது என்பது நிற்கவில்லை.

இனி எதிர்ப்பு. 1979-ல் கையா பற்றி லவ்லாக் எழுதிய புத்தகம் வந்ததும் ஆன்மிகக் குழுக்கள் கொண்டாடின, உயிரியலாளர்கள் கோபப்பட்டார்கள். ஃபோர்ட் டூலிட்டிலும் ரிச்சர்ட் டாக்கின்ஸும் கேட்டது நியாயமான கேள்வி. இயற்கைத் தேர்வு நடக்க வேண்டுமென்றால் பல பேர் போட்டியிட வேண்டும், தோற்றவர் அழிய வேண்டும். பூமி ஒன்றே ஒன்று. அது யாரோடு போட்டி போட்டு இந்தத் திறமையைக் கற்றது? ஊர் நன்மைக்காக எந்தப் பாசியும் உழைக்காது, ஓசியில் அனுபவிக்கிற பாசிதான் ஜெயிக்கும். அப்புறம் எப்படி உலகத்தின் காற்று சீராகும்?

லவ்லாக் இதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. 1983-ல் ஆண்ட்ரூ வாட்சனுடன் சேர்ந்து கணினியில் ஒரு கற்பனைக் கோளைக் கட்டினார். டெய்சி உலகம். இதைக் கட்டாயம் பலகையில் வரையுங்கள்.

அந்தக் கோளில் இரண்டே செடிகள், கறுப்புப் பூ, வெள்ளைப் பூ. இரண்டும் 5 டிகிரிக்குக் கீழேயும் 40 டிகிரிக்கு மேலேயும் வளராது, 22.5-ல் நன்றாக வளரும். சூரியன் மெதுவாகப் பிரகாசம் கூடிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் குளிர். வெயிலை உறிஞ்சும் கறுப்புப் பூ தன்னைச் சுற்றிக் கொஞ்சம் சூடாக வைத்துக்கொள்ளும், அதனால் அது பரவும். பரவப் பரவக் கோளே சூடாகும். சூரியன் இன்னும் கூடியதும் கறுப்புக்கு வெந்துபோகிறது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக்கு யோகம். அது பரவப் பரவக் கோள் குளிரும். விளைவு, சூரியன் ஏறிக்கொண்டே இருக்க, கோளின் வெப்பம் மட்டும் நெடுங்காலம் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கிறது. பூக்களுக்குத் திட்டம் எதுவும் கிடையாது, ஊர் நன்மை தெரியாது. தன் இடத்தில் வளர்வதைத் தவிர எதுவும் செய்யவில்லை.

இரண்டு கோடு வரையுங்கள். உயிரில்லாத கோளின் வெப்பம் சாய்வாக ஏறிப் போகும். பூக்கள் உள்ள கோளின் வெப்பம் மேலேறி, சமமாக ஓடி, ஓர் எல்லைக்கு அப்புறம் சட்டென்று செங்குத்தாகப் பாயும். கோள் முழுக்க வெள்ளைப் பூ பரவிய பிறகு மேற்கொண்டு பரவ இடமில்லை, கொஞ்சம் சூடு கூடினாலும் மொத்தமாகச் சாகும். அந்தக் கடைசிப் பாய்ச்சலைக் காட்டாமல் விட்டுவிடுவது வழக்கம். நீங்கள் காட்டுங்கள், பின்னால் தேவைப்படும்.

டெய்சி உலகம் எதையும் நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திட்டமிடாமலும் சீரமைப்பு வரலாம், வருவது சாத்தியம், அவ்வளவுதான். தனக்கு நல்லது செய்கிற பூ கோளுக்கும் நல்லது செய்யும்படி அமைத்துக் கொடுத்தது லவ்லாக். நிஜ உலகில் அது எப்போதும் அப்படி அமையாது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன் காற்றில் ஏறியபோது அப்போதிருந்த எத்தனையோ நுண்ணுயிர்களுக்கு அது விஷம். உலகம் துருவம் முதல் நடுக்கோடு வரை பனியில் மூடிக்கிடந்த காலங்களும் உண்டு. சீராக்கும் கை இருந்தால் அது அடிக்கடி தூங்கியும் இருக்கிறது.

இதை விட முக்கியமான மாற்று விளக்கம் ஒன்று இருக்கிறது. 1981-ல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் சொன்னது. மழை நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு பாறையை அரித்து, கடலுக்குப் போய், சுண்ணாம்புக் கல்லாகப் படிந்துவிடும். சூடு கூடினால் மழையும் அரிப்பும் கூடும், காற்றில் அந்த வாயு குறையும், குளிரும். குளிர்ந்தால் அரிப்பு குறையும், எரிமலைகள் விடும் வாயு சேரும், சூடாகும். அயர்ன் பாக்ஸில் சூடு ஏறினால் தானே அணைந்து, ஆறினால் தானே பற்றிக்கொள்கிற மாதிரி. இதற்கு உயிரே தேவையில்லை, வேதியியல் போதும். வேர்களும் மண் நுண்ணுயிர்களும் பாறை அரிப்பைப் பல மடங்கு வேகப்படுத்துகின்றன, ஆகவே உயிருக்கும் இதில் கை உண்டு என்பது லவ்லாக் தரப்பு. இரண்டு தரப்பும் இன்று முன்பை விட நெருங்கி வந்திருக்கின்றன, ஆனால் எவ்வளவு உயிர், எவ்வளவு பாறை என்ற வழக்கு முடியவில்லை.

சரி, அறிவியலா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: உயிர்கள் காற்றையும் கடலையும் பாறையையும் மாற்றுகின்றன, அவை திரும்ப உயிர்களை மாற்றுகின்றன, இந்தக் கட்டை அவிழ்த்துத் தனித்தனியாகப் படிக்க முடியாது என்பது இன்று யாரும் சண்டை போடாத அறிவியல். பூமி அமைப்பு அறிவியல் என்று அதற்குத் துறையே இருக்கிறது. 2001-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக விஞ்ஞானிகளின் அறிக்கை, பூமி தன்னைத்தானே ஒழுங்குபடுத்தும் ஒரே அமைப்பாக நடந்துகொள்கிறது என்றே எழுதியது. உயிர்களின் நன்மைக்காகவே பூமி நடத்தப்படுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பூமிக்கு மனசு இருக்கிறது என்பது லவ்லாக்கே சொல்லாதது. உங்கள் நோட்டீஸ் தலைப்பு இந்த மூன்றில் எங்கே விழுகிறது என்று மேடையிலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

செவ்வாய் யோசனைதான் சந்தேகமில்லாமல் ஜெயித்தது. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் காற்றில் ஆக்சிஜன், மீத்தேன் போன்ற சேராத ஜோடிகளைத் தேடுவதுதான் இன்று வேற்றுலக உயிரைத் தேடுவதன் முக்கிய வழி. போக முடியாத தூரம், ஆனால் காற்றைப் படிக்கலாம்.

கடைசிக் காலத்து லவ்லாக்கைப் பற்றிப் பேசும்போது கவனம். 2006-ல் அவர் சொன்னது பயங்கரம்: இந்த நூற்றாண்டு முடிவதற்குள் நூற்றுக்கணக்கான கோடிப் பேர் சாவார்கள், மிஞ்சுகிறவர்கள் வடதுருவப் பக்கம் ஒதுங்குவார்கள் என்று. 2012-ல் தானே அதை மிகைப்படுத்திவிட்டேன் என்றார். பேச்சாளர்கள் 2006-ஐ மேற்கோள் காட்டுவார்கள், 2012-ஐ விட்டுவிடுவார்கள். சந்தேகவாதிகள் 2012-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு வெப்பமயமாதலே பொய் என்பார்கள். அவர் வாபஸ் வாங்கியது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைத்தான். சூடாகிறது, காரணம் நாம் என்பதில் அவர் மாறவே இல்லை.

கேள்வி நேரத்தில் உங்களிடம் நிச்சயம் இரண்டு கேள்விகள் வரும். முதலாவது: ‘பூமியே எல்லாத்தையும் சரி பண்ணிக்கும்னா நாம ஏன் கவலைப்படணும்?’ பலகையில் இருக்கும் அந்த இரண்டு கோடுகளைக் காட்டுங்கள். சீராக்கம் என்பது ஓர் எல்லைக்குள்தான். எல்லை தாண்டினால் உயிரில்லாத கோளை விட வேகமாகப் பாயும். பாறை அரிப்பு கணக்குத் தீர்ப்பதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடை 420-க்கும் மேலே ஏற்ற நமக்கு இரண்டரை நூற்றாண்டு போதுமானதாக இருந்தது. பூமி தப்பிக்கும், அதில் லவ்லாக்குக்குச் சந்தேகமே இல்லை. நெல் வயலும் கடற்கரை ஊர்களும் தப்பிக்குமா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது அணுசக்தி. பசுமை இயக்கங்கள் கொண்டாடிய இந்த மனிதர், 2004-ல் புவி வெப்பமாதலைத் தடுக்க உடனடி வழி அணுமின்சாரம்தான் என்று பகிரங்கமாக எழுதினார். காற்றாலைகள் பற்றி ஏளனமாகப் பேசினார். பழைய நண்பர்கள் பலர் முறைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டு மேடையில் இதைச் சொன்ன மறுநிமிடம் ஒருவர் எழுந்து கூடங்குளம் என்பார். மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் எந்தத் தரப்புக்கும் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். அவர் பேசியது பிரிட்டனின் கரி, எரிவாயுவுக்கு மாற்று பற்றி. கூடங்குளத்தில் கேட்கப்படுவது கடல், மீன்பிடி, மக்களிடம் கேட்காமல் முடிவெடுத்தது, விபத்து நேர்ந்தால் எங்கே போவது என்பவை. அதற்கெல்லாம் லவ்லாக்கிடம் பதில் தேட முடியாது. கேட்டவர் விடாமல் இழுத்தால், அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போடச் சொல்லி நூலகக்காரர்களிடம் தள்ளிவிடுங்கள்.